தமிழ் வாய்ஸ் ப்ராசஸில் ஒரு அழைப்பை எடுப்பது எப்படி

கால் சென்டரில் உட்கார்ந்து தமிழ் பேசும் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் வேலைக்குத்தான் தமிழ் வாய்ஸ் ப்ராசஸ் என்று பெயர். வங்கி, பணம் அனுப்பும் செயலி, செல்போன் நிறுவனம், டிடிஎச், பார்சல் டெலிவரி என்று எதற்காக உட்கார்ந்தாலும் தமிழ் வாய்ஸ் ப்ராசஸின் நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும். 9 மணி நேர ஷிஃப்ட். அதில் 1 மணி நேரம் பிரேக், பெரும்பாலும் 15, 30, 15 நிமிடங்களாகப் பிரித்துத் தருவார்கள். மிச்சம் 480 நிமிடம். ஒரு அழைப்புக்கு 5 நிமிடம் என்று வைத்தால், மூச்சு விடாமல் எடுத்தால் 96 அழைப்பு. நடுவே காத்திருக்கும் நேரம் போக 75 முதல் 80 வரை தேறும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் புதியவர்கள் வேகமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் ஒரு விநாடியும் மிச்சமாவதில்லை. வாடிக்கையாளர் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பார், நாளைக்கு மறுபடியும் கூப்பிடுவார். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரிந்தவருக்குத்தான் நேரம் மிஞ்சும். இங்கே எடுத்துக்காட்டுகள் வங்கி, யுபிஐ அழைப்புகளிலிருந்து வருகின்றன. தப்பாகச் சொன்னால் ஒருவருடைய காசு போகும் இடம் அதுதான்.

லாகினுக்கு முன்

ஷிஃப்ட் 9 மணி என்றால் 9 மணிக்கு முதல் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். கணினி திறந்து, சாஃப்ட்ஃபோன் (கணினி வழியே அழைப்பு எடுக்கும் மென்பொருள்), வாடிக்கையாளர் விவரத் திரை, தகவல் தேடும் பக்கம் எல்லாம் வர 10 நிமிடம் பிடிக்கும். பாஸ்வேர்டு காலாவதியானால் இன்னும் 10 நிமிடம். அதனால் 8.40க்கு இருக்கையில் இருப்பது நல்லது. அந்த நேரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது அன்றைய அப்டேட்: எந்த வங்கியின் சர்வர் படுத்திருக்கிறது, எந்தப் பகுதியில் நெட்வொர்க் இல்லை, எந்த சலுகை நேற்றோடு முடிந்தது. ஒரு சர்வர் கோளாறு தெரியாமல் உட்கார்ந்தவர் முதல் பத்து அழைப்பிலும் "ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பத்துப் பேரும் மதியத்துக்குள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். நேராக இருந்தால் 'ப', 'ஃப' வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதும், எதிர்முனையில் காற்றடிப்பது போலக் கேட்கும். காதுறை பொதுவில் இருந்தால் உங்களுக்கென்று தனியாக ஒரு பஞ்சு உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி ப்ராசஸ்களில் செல்போன், காகிதம், பேனா எதையும் தளத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். குறிப்பெடுக்கத் திரையில் இருக்கும் நோட்பேடுதான். அதிலும் கார்டு எண்ணை முழுதாக எழுதக் கூடாது. கடைசி 4 இலக்கம் போதும், ஷிஃப்ட் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

முதல் 30 விநாடி

பீப் கேட்டவுடன் பேசத் தொடங்கினால் "வணக்கம்" என்பதில் முதல் பாதி எதிர்முனைக்குப் போகாது. அரை விநாடி பொறுத்துத் தொடங்குங்கள். வணக்கம், நிறுவனத்தின் பெயர், உங்கள் பெயர், "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" எல்லாம் சேர்ந்து 6 விநாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நீளும் வரவேற்பை யாரும் கேட்பதில்லை.

அதன் பிறகு வாயைத் திறக்காதீர்கள். குறுக்கிடாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிடுவார்கள். குறுக்கே புகுந்தால் முதலிலிருந்து தொடங்குவார்கள். இன்னொரு விஷயம்: நம் ஊரில் புகார் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "நேத்து சாயங்காலம் கடைக்குப் போனேன், மளிகை வாங்கினேன், ஸ்கேன் பண்ணேன், அவரு வரலன்னாரு, எனக்குக் கட் ஆயிடுச்சு." பிரச்சினை கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது. "ஸ்கேன் பண்ணேன்" என்றதும் "கியூஆர் ஸ்கேன் ஆகலையா சார்?" என்று பாய்ந்தவர் வேறு புகாருக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பார்.

அவர் முடித்ததும் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: "கடைல ஸ்கேன் பண்ணி அனுப்பினது உங்க அக்கவுன்ட்ல கழிஞ்சிருக்கு, கடைக்காரருக்குப் போய்ச் சேரல. சரியா சார்?" இதற்கு 8 விநாடி ஆகும். தப்பான திசையில் போய் வீணாகும் 3 நிமிடம் இதில் மிச்சம்.

சார், மேடம் என்பதைக் குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரையில் பெயர் வரும்வரை "சொல்லுங்க", "பாக்கறேங்க" என்பதிலேயே ஓட்டலாம். தமிழில் அதற்கு இடம் இருக்கிறது. வயதானவர் என்று தெரிந்தால் ஐயா, அம்மா என்பது இயல்பாக வரும். சில நிறுவனங்கள் சார், மேடம் மட்டும்தான் என்று கண்டிப்பாக இருக்கும், அதைப் பயிற்சியிலேயே கேட்டுவிடுங்கள். அக்கா, அண்ணா, தம்பி மட்டும் வேண்டாம். வாடிக்கையாளர் உங்களை "தம்பி", "பாப்பா" என்று கூப்பிட்டாலும் உங்கள் பக்கம் மரியாதை மாறக் கூடாது. அவர் கொங்குப் பேச்சோ திருநெல்வேலிப் பேச்சோ பேசினால் அதே மாதிரி பேச முயலாதீர்கள், கிண்டல் என்று எடுத்துக்கொள்வார்.

மனப்பாடம் செய்யத் தரும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அறிவிப்புப் பலகைத் தமிழில் இருக்கும். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒருவர் காதில் ஓதினால் பதிவு செய்த குரல் என்று நினைத்துக்கொள்வார். கட்டாய வாக்கியங்களை மட்டும் அப்படியே சொல்லிவிட்டு, மற்றதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தர ஆய்வில் இதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கட்டாய வாக்கியத்தை விட்டால்தான் குறையும்.

ஆள் யார் என்று உறுதி செய்வது

வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தைத் திரையில் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று இருக்கும்: முழுப்பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த முகவரியின் பின்கோடு, கடைசியாகச் செய்த பரிமாற்றம் என்று. எதைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "உங்க பிறந்த தேதி 12 ஜூன் தானே?" என்று கேட்டால் அது சரிபார்ப்பே இல்லை, எதிரில் இருப்பவருக்குத் தகவலை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். தர ஆய்வில் இதை ஃபேட்டல் என்பார்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த அழைப்புக்கு மதிப்பெண் பூஜ்யம். ஒரு பதில் தப்பாக இருந்தால் எது தப்பு என்று சொல்லக் கூடாது. "நீங்க சொன்ன விவரம் பதிவுல இருக்கறதோட ஒத்துப்போகல" என்பதோடு நிறுத்துங்கள்.

பரிமாற்றத்துக்கான ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் பின், சிவிவி நான்கையும் எந்தக் காரணத்துக்கும் கேட்கக் கூடாது. வாடிக்கையாளர் அவராகவே சொல்லத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்: "அதை என்கிட்டயும் சொல்லாதீங்க சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நம் வீடுகளில் தினம் நடப்பது, அம்மாவின் கணக்குக்கு மகன் பேசுவது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, எனக்குச் சொல்லுங்கள் என்பார். உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் மகனுக்குக் கணக்கு விவரம் சொல்ல முடியாது. மறுத்துவிட்டு வைத்துவிடவும் வேண்டியதில்லை. "அம்மா பக்கத்துல இருக்காங்களா? ஒரு நிமிஷம் போனைக் குடுங்க, ரெண்டு கேள்விதான்" என்று கேளுங்கள். அம்மாவைச் சரிபார்த்து, "உங்க மகன்கிட்ட விவரத்தைச் சொல்லலாமா அம்மா?" என்று அவர் வாயால் சம்மதம் வாங்கிப் பதிவு செய்துவிட்டு மகனிடம் தொடரலாம். இதை அனுமதிக்காத நிறுவனங்களும் உண்டு, அங்கே அம்மாவிடமே பேசி முடிக்க வேண்டும். பின்னால் மகன் ஒவ்வொரு பதிலையும் கிசுகிசுத்துக் கொடுத்தால் அதைச் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா பக்கத்தில் இல்லை என்றால் பொதுவான வழிமுறையை மட்டும் சொல்லலாம். கார்டை பிளாக் செய்வது மட்டும் விதிவிலக்கு. பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று வீட்டு ஆள் கதறினால் அதற்கான நடைமுறை என்ன என்பதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"பணம் கட் ஆயிடுச்சு": கேள்விகளின் வரிசை

இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்து வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. பிரிக்காமல் புகார் பதிந்தால் தப்பான பிரிவுக்குப் போய் மூன்று நாள் கழித்து மூடப்பட்டுத் திரும்பும். கேட்க வேண்டிய வரிசை இது.

முதலில்: "இது நீங்களே அனுப்பினதா, உங்களுக்குத் தெரியாம போனதா?" தெரியாமல் போயிருந்தால் மற்ற கேள்வியெல்லாம் அப்புறம். முதலில் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுத்தான் பேச்சு. பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்லி, இந்த அழைப்பு முடிந்ததும் உடனே அங்கே பேசச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு, அது மணிக்கணக்கில் இருக்கும் விஷயம். புகார் பதிந்த தேதியும் நேரமும் இங்கே மிக முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியிடமும் தவறில்லாமல், வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை அவர் பொறுப்பு. அதைத் தாண்டினால் அந்த வங்கியின் கொள்கைப்படி. அவரே ஓடிபியைக் கொடுத்துவிட்டார் என்றால் புகார் சொல்லும்வரை போனது அவர் தலையில், புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். நீங்கள் பதிவு செய்யாமல் "நாளைக்கு பிராஞ்ச்சுக்குப் போங்க" என்று சொன்னால் அந்த ஒரு நாள் இழப்பை யார் மேல் ஏற்றுவது என்று பின்னால் பெரிய சண்டை வரும். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை, அன்றைய தகவல் பக்கத்தில் இருப்பதையே சொல்லுங்கள்.

அவரே அனுப்பியது என்றால் அடுத்த கேள்வி: "சரியான ஆளுக்குத்தான் அனுப்பினீங்களா?" எண்ணைத் தப்பாகப் போட்டு வேறொருவருக்குப் போயிருந்தால் அது தோல்வியடைந்த பரிமாற்றம் இல்லை, வெற்றி அடைந்தது. தானாகத் திரும்பாது. பெற்றவரின் வங்கி வழியாக அவரைக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால்தான் வரும். இங்கே "ரெண்டு நாள்ல வந்துடும் சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு.

மூன்றாவது: "ஆளுக்கு அனுப்பினீங்களா, கடைக்கா, இல்ல ஏடிஎம்ல எடுத்தீங்களா?" கெடு இதை வைத்துத்தான் மாறுகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, யுபிஐயில் ஒரு ஆளுக்கு அனுப்பி அவருக்குச் சேராத பணம் டி+1 நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதிப்படுத்தல் வராமல் போனது டி+5. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்ததும் டி+5. ஐஎம்பிஎஸ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றத்துக்கு டி+1. டி என்பது பரிமாற்றம் நடந்த காலண்டர் தேதி. இந்தக் கெடுவைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும். பலரும் செய்வது என்ன? எல்லாவற்றுக்கும் "3 முதல் 7 வேலை நாள்" என்று ஒரே பதில். ஆளுக்கு அனுப்பியவருக்கு இது அநியாயமாக நீண்ட கெடு. எப்போது வரும் என்று எண்ணாகச் சொல்லாமல் தேதியாகச் சொல்லுங்கள்: "நீங்க 12-ம் தேதி அனுப்பியிருக்கீங்க, கடைக்கு. 17-ம் தேதி ராத்திரிக்குள்ள திரும்பணும். 18-ம் தேதி காலைல இல்லேன்னா இதே புகார் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்க."

நான்காவது: "ஆப்ல இப்ப என்ன காட்டுது? சக்சஸா, பென்டிங்கா, ஃபெயில்டா?" பென்டிங் என்றால் மறுபடி அனுப்ப வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை போனால் இரண்டாவது புகாரும் உங்களுக்கே வரும். சக்சஸ் என்று காட்டி, எதிராளி வரவில்லை என்றால் அவருடைய கணக்கு அறிக்கையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ் வராததைப் பணம் வராதது என்று நினைப்பவர்கள் நிறைய.

கடைசியில் யுடிஆர் எண், அதாவது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய அடையாள எண். யுபிஐயில் இது 12 இலக்கம். "பரிமாற்றத்தைத் தொட்டுத் திறங்க, கீழ யுடிஆர்னு இருக்கும்" என்று வழி சொல்லுங்கள். பேசிக்கொண்டே ஆப்பைத் திறக்கத் தெரியாதவரிடம் ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். செயலியின் சொந்த எண் ஒன்றும் அருகிலேயே எழுத்தும் இலக்கமும் கலந்து இருக்கும், அதைப் படிப்பார். 12 இலக்கமா என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணைக் காதில் வாங்குவது

ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழில் திருப்பிக் கேட்டால் குழப்பமே இல்லை: "பதினஞ்சாயிரமா, அம்பதாயிரமா?" தொகையைத் தமிழில் உறுதி செய்வது என்ற பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் "டபுள் ஃபோர் ட்ரிபிள் செவன்" என்று சொல்லலாம். நீங்கள் திருப்பிப் படிக்கும்போது ஒவ்வொரு இலக்கமாக, நான்கு நான்காகப் பிரித்துப் படியுங்கள். எழுத்துகளுக்கு ஊர்ப் பெயர் எடுபடும்: எம் ஃபார் மதுரை, என் ஃபார் நாக்பூர், பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி. ஆல்ஃபா, பிராவோ என்று தொடங்கினால் பாதிப் பேர் அதையே பெயராக எழுதிக்கொள்வார்கள்.

ஹோல்ட், மியூட், டிரான்ஸ்ஃபர்

ஹோல்டில் போடுவதற்கு முன் மூன்று விஷயம்: எதற்கு, எவ்வளவு நேரம், சரியா என்ற கேள்வி. "பழைய கம்ப்ளைன்ட் எங்க நிக்குதுன்னு பாக்கணும், ரெண்டு நிமிஷம் ஆகும், லைன்ல இருக்கீங்களா?" பதில் வந்த பிறகு போடுங்கள். 2 நிமிடம் சொன்னால் 2 நிமிடத்தில் திரும்ப வாருங்கள், தகவல் கிடைக்காவிட்டாலும். "இன்னும் பாத்துட்டிருக்கேன், இன்னொரு நிமிஷம் ஆகும்" என்று சொன்னால் போதும். இப்படிச் செய்தால் 6 நிமிடம்கூடப் பொறுப்பார்கள். தகவலே இல்லாத மூன்றாவது நிமிடத்தில் போனை வைத்துவிடுவார்கள்.

20, 30 விநாடி வேலைக்கு ஹோல்ட் தேவையில்லை. என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். 10 விநாடிக்கு மேல் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் இருந்தால் டெட் ஏர் என்று ஆய்வில் குறிப்பார்கள்.

மியூட் போட்டுவிட்டு பக்கத்து சீட்டுக்காரரிடம் வாடிக்கையாளரைப் பற்றிப் புலம்புவது வேலையைப் பறிக்கும். பட்டன் அழுந்தியிருக்காது, அல்லது மென்பொருளில் மியூட் ஆகியும் உங்கள் பக்கத்துக் குரல் பதிவாகிக்கொண்டிருக்கும். சில அமைப்புகள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

வேறு துறைக்கு மாற்றும்போது வெறுமனே தள்ளிவிட்டால் அவர் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதிரில் எடுப்பவரிடம் மூன்று வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு இணைப்பது வார்ம் டிரான்ஸ்ஃபர். நேரம் அதிகம்தான். முடியாத இடத்தில் குறிப்பையாவது மாற்றுவதற்கு முன்பே சேமித்துவிடுங்கள், அடுத்தவர் திரையில் அது தெரியும்.

கோபமாக வரும் அழைப்பு

"நாலு நாளா கூப்பிடறேன், ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றீங்க!" இதற்கு "கொஞ்சம் பொறுமையா பேசுங்க சார்" என்பது பெட்ரோல். கோபத்துக்குள் ஒரு தகவல் இருக்கிறது: முந்தைய பதில்கள் முரண்பட்டிருக்கின்றன. அதைப் பிடியுங்கள். "நாலு நாளா அலைய விட்டது தப்புதான் சார். நீங்க முன்னாடி போட்ட கம்ப்ளைன்ட் என் ஸ்க்ரீன்ல இருக்கு. அது எங்க நிக்குதுன்னு பாத்து ஒரு தேதி சொல்றேன்." மன்னிப்பு ஒரு முறை, எதற்கு என்று குறிப்பிட்டு. ஐந்து முறை சாரி சொன்னால் அவருக்கு எரிச்சல் கூடும், "உங்க சாரியை வச்சு நான் என்ன பண்றது?" என்பார். நியாயமான கேள்வி.

அவர் கத்தும்போது உங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள். கிசுகிசுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது காதில் விழ வேண்டுமானால் அவரும் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். உடன் வேலை செய்தவரையோ முந்தைய எக்ஸிக்யூட்டிவையோ குறை சொல்லிப் பெயர் வாங்காதீர்கள். வாடிக்கையாளருக்கு நீங்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்.

"சூப்பர்வைசர்கிட்ட குடுங்க" என்றால் ஒரே ஒரு முறை முயலலாம்: "தாராளமா சார். அதுக்கு முன்னாடி என்னால முடிஞ்சதைச் சொல்லிடறேன்." மறுபடி கேட்டால் கொடுத்துவிட வேண்டும். "சூப்பர்வைசர் இல்ல" என்று பொய் சொல்லி நான்கு முறை தள்ளிப்போட்ட அழைப்புகள்தான் சமூக வலைத்தளத்தில் ஆடியோவாகச் சுற்றுகின்றன. கொடுக்கும்போது வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது என்ன என்பதை ஒரு வரியில் மேலாளருக்குச் சொல்லுங்கள்.

கெட்ட வார்த்தை வந்தால் பெரும்பாலான நிறுவனங்களில் இரண்டு எச்சரிக்கை, பிறகு துண்டிக்கலாம். எச்சரிக்கையின் வாக்கியம் எழுதித் தரப்பட்டிருக்கும், அதை எழுத்து மாறாமல் சொல்லுங்கள். எண்ணிக்கையை உங்கள் நிறுவனத்தில் உறுதி செய்துகொண்டு, துண்டித்தவுடன் டீம் லீடருக்குச் சொல்லிக் குறிப்பும் எழுதிவிடுங்கள்.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்றால் பயமுறுத்தல் என்று எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள். அது அவர் உரிமை. வங்கிப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448. மற்ற பொருள், சேவைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் விற்பனை என்றால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த எண்களைச் சொன்னால் நிறுவனத்துக்குத் துரோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி யார் என்று சொல்லி, பிறகு வெளி வழியைச் சொன்னால் யாரும் தப்பு சொல்ல முடியாது.

குறிப்பு எழுதுவது

அழைப்பு முடிந்த பிறகு எழுத உட்காருபவருக்குப் பாதி மறந்திருக்கும், நேரமும் ஓடும். பேசும்போதே எழுதுங்கள். முடிந்ததும் 20 விநாடியில் சரிபார்த்து, சரியான வகைக்குறியைப் போட்டு மூடலாம். நல்ல குறிப்பு இப்படி இருக்கும் (பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்வார்கள்):

"மகன் பேசினார், தாயார் லைனில் வந்து சம்மதம். 12/03 மாலை, 3,000 ரூ, யுபிஐ, ஆளுக்கு, பென்டிங். யுடிஆர் கடைசி 4: 4471. கெடு 13/03, தாண்டியது. புகார் பதிந்தேன். நாள் இழப்பீடு பற்றிச் சொன்னேன். சொன்ன தேதி: 19/03 மாலைக்குள் எஸ்எம்எஸ்."

"வாடிக்கையாளர் பணம் பற்றிக் கேட்டார், விளக்கப்பட்டது" என்பது குறிப்பே இல்லை. அடுத்து எடுப்பவருக்கு மிகவும் தேவையானது கடைசி வரி, நீங்கள் என்ன தேதி சொன்னீர்கள் என்பது. அது இல்லாததால்தான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

மதிப்பெண்களை எப்படிப் பார்ப்பது

ஏஹெச்டி என்பது ஒரு அழைப்பைக் கையாள ஆகும் சராசரி நேரம்: பேச்சு, ஹோல்ட், அழைப்புக்குப் பிந்தைய வேலை மூன்றின் கூட்டு. 240 விநாடி பேச்சு, 40 ஹோல்ட், 50 குறிப்பு என்றால் 330. இலக்கு 300 என்றால் குறைக்க வேண்டியது முதலில் அந்த 50, அப்புறம் 40. பேச்சில் கை வைப்பது கடைசி. வாரத்துக்கு ஒருமுறை உங்கள் மிக நீளமான 5 அழைப்பைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஐந்தாவது நிமிடத்தில் வந்திருக்கும்.

எஃப்சிஆர், அதாவது முதல் அழைப்பிலேயே முடிந்த புகார்களின் விகிதம், நேர்மையான அளவு. ஏஹெச்டி நன்றாக இருந்து எஃப்சிஆர் மோசமாக இருந்தால் பிரச்சினையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு வைக்கிறீர்கள் என்று பொருள். மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும் என்பிஎஸ் சர்வேயில் 9, 10 கொடுத்தவர் மட்டுமே நல்ல கணக்கு. 7, 8 எந்தப் பக்கமும் சேராது, 6 வரை எதிர்க் கணக்கு. நம் மக்களுக்கு 7 என்பது நல்ல மார்க், அவர்கள் திருப்தியாகத்தான் கொடுக்கிறார்கள். அதற்காக "பத்து குடுங்க சார்" என்று கேட்டால் விதிமீறல். "இப்ப பேசினதை வச்சு ஒரு சர்வே வரும்" என்று மட்டும் சொல்லலாம்.

டீம் லீடர் ஏன் பிரேக்கை நான்கு நிமிடம் தாண்டினால் ஓடி வருகிறார் என்றால், பல ப்ராசஸ்களில் இலக்கு 80/20: நூற்றில் 80 அழைப்பை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும். கூட்டமான நேரத்தில் இரண்டு பேர் இல்லையென்றால் வரிசை வேகமாக வளரும், அது வடிய அரை மணி ஆகும்.

தொண்டையும் காதும்

மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், சில்லென்று வேண்டாம். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அது மெதுவாகப் பேசுவதைவிடத் தொண்டையை அதிகம் வாட்டும். ஒற்றைக் காது ஹெட்செட் என்றால் நடு பிரேக்கில் காதை மாற்றுங்கள். பக்கத்துச் சத்தத்துக்காக ஒலியைக் கூட்டுவதைவிட இடம் மாற்றிக் கேட்பது மேல். மிக மோசமான ஒரு அழைப்புக்குப் பிறகு அடுத்ததை உடனே எடுத்தால் அந்த அப்பாவியிடம் எரிந்து விழுவீர்கள். டீம் லீடரிடம் சொல்லி 2 நிமிடம் எழுந்து நில்லுங்கள்.

இன்னும் சேராதவர்களுக்கு

நேர்முகத்தில் பெரும்பாலும் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வார்கள், ஒரு போலி அழைப்பு நடத்துவார்கள், தட்டச்சு வேகம் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 25 முதல் 30 சொல் இருந்தால் சமாளிக்கலாம். போலி அழைப்பில் பதில் தெரியாவிட்டால் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள். "பாத்து உறுதி பண்ணிட்டுச் சொல்றேன்" என்றவரைத்தான் தேர்வு செய்கிறார்கள்.

வேலைக்கு முன்பணம் கேட்டால் அது மோசடி. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள், சரிபார்க்க நகல் போதும். ஆஃபர் கடிதத்தில் நான்கு விஷயம் தேடுங்கள்: பயிற்சிக் காலத்துக்கு முழுச் சம்பளமா, இன்சென்டிவ் எதை வைத்து, ஷிஃப்ட் மாறுமா, இரவில் கேப் வண்டி உண்டா. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ வரம்புக்குள் வருவீர்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம். பிஎஃப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், அதே அளவு நிறுவனமும் போட வேண்டும். சொல்லும் "சிடிசி"யில், அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கில், நிறுவனத்தின் பங்கும் சேர்ந்திருக்கும். ஆகவே கையில் எவ்வளவு வரும் என்று எண்ணாகக் கேட்டு, அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.